இரண்டு நீர்க்காகங்கள்

முதல்நாள் பின்னேரம் தலைமன்னார்க் கரையிலிருந்து பன்னிரண்டு படகுகள் கடலுக்குப் போயிருந்தன. காலை ஏழு மணிக்குக் கரையில் பதினொரு படகுகள்தான் நின்றன.

டினோஜா மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் பதினொன்றுதான் வந்தது.

உண்மையில் எண்ணவே தேவையில்லை. அவளுடைய அப்பா பெனடிக்ற்றின் படகு கரைக்கு வந்திருந்தால் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் படகுகளுக்கு நீலமும் பச்சையும் பூசியிருக்க, அப்பா மட்டும் தோடம்பழம் மாதிரிப் பளிச்சென்ற செம்மஞ்சள் பூசியிருந்தார்.

“ஏனப்பா இந்த நிறம்?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“நான் எவ்வளவு தூரத்தில வந்தாலும் உனக்குத் தெரியோணும். அதுதான்,” என்றார் அப்பா.

இன்றைக்குத் தூரத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கடல்தான் தெரிந்தது. ஒன்றும் நடக்காதது போல மினுங்கிக்கொண்டு கிடந்தது.

ஆனால் விடியப்புறம் ஒரு காற்று அடித்திருந்தது. வீட்டுக் கூரைத் தகரம் படபடவென்று அடிக்க, டினோஜா திடுக்கிட்டு எழும்பினாள். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். அரை மணி நேரத்தில் காற்று அடங்கிவிட்டது. டினோஜாவும் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டாள். அந்த நேரம் அப்பா நடுக்கடலில் இருந்திருக்கிறார்.

அப்பாவோடு நிறோஜன் சித்தப்பாவும் போயிருந்தார். அவர் அப்பாவின் தம்பி. எப்போதும் பகிடி விட்டுக்கொண்டே இருப்பவர்.

அம்மா அன்ரோனெற் தம்பி ஜஸ்ரினைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தாள். அவளுடைய மற்றக் கையில் தொலைபேசி இருந்தது. அதற்குள்ளே ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

“ஆராவது கண்டனீங்களோ?” என்று அம்மா ஒவ்வொருவராய்க் கேட்டாள்.

“இரவு தீடைப் பக்கம் கண்டனாங்கள். பிறகு காணேல்ல, அக்கா.”

தலைமன்னாருக்கு மேற்கே, கடலுக்கு நடுவில், மணல் திட்டுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. அவற்றைத்தான் அந்த ஊரில் தீடை என்பார்கள். முதலாம் தீடை, இரண்டாம் தீடை என்று ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருப்பார்கள்.

மீனவர் சங்கத் தலைவர் றெனால்ட் கை தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். டினோஜா அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். பெரிய குரல் அவருக்கு. அன்று அந்தக் குரலே கொஞ்சம் கரகரத்தது.

“கடற்படைக்கும் அறிவிச்சாச்சு. நாங்களும் ஆறு வள்ளத்தில போவம். ஆளுக்கொரு பக்கம். பெனடிக்ற்றின்ர வள்ளம் உங்களுக்குத் தெரியும்தானே? செம்மஞ்சள். கண்ணை மூடாமல் செம்மஞ்சளைப் பாருங்கோ. விளங்கிச்சோ?”

“ஓம்,” என்றார்கள் எல்லாரும்.

ஆறு படகுகளும் இரைந்துகொண்டு புறப்பட்டன. அதில் ஒன்றை மஹ்மூது ஓட்டினார். அவர் டினோஜாவின் வகுப்புத் தோழி றிம்ஷாவின் வாப்பா.

டினோஜா பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு மணல் மேட்டில் ஏறி நின்றாள். அன்று பள்ளிக்கூடம் போகும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“தம்பியைப் பாத்துக்கொள், மகள்,” என்று மட்டும் அம்மா சொன்னாள். பிறகு செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

டினோஜா கடலைப் பார்த்தாள். செம்மஞ்சள், செம்மஞ்சள், செம்மஞ்சள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதோ!

அவள் நெஞ்சு குதித்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். யாரோ கட்டிவிட்டிருந்த வலை மிதப்பு.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு செம்மஞ்சள் தெரிந்தது. அது ஒரு பிளாஸ்ரிக் கான். அலையில் புரண்டு புரண்டு கரைக்கு வந்தது. அதற்குப் பிறகு யாரோ ஒருவரின் மழைக்கோட்டு. பிறகு தூரத்துக் கரையில் நடந்து போன ஒரு பெண்ணின் சேலை. இத்தனை செம்மஞ்சள் அந்தக் கரையில் இருந்ததென்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒவ்வொன்றும் அவளை ஒருதரம் துள்ளவைத்துவிட்டு, பிறகு கீழே தள்ளியது.

யாரோ தோளைத் தொட, அவள் பதறித் திரும்பினாள். றிம்ஷா நின்றாள்.

“உன்னை மூண்டு தரம் கூப்பிட்டனான், டினோ. உனக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்.”

“நான் காணேல்ல,” என்றாள் டினோஜா. உண்மையாகவே அவள் காணவில்லை.

றிம்ஷா ஒரு பணிஸைப் பாதியாகப் பிய்த்து நீட்டினாள். டினோஜா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சாப்பிட முடியவில்லை.

பின்னால் இரண்டு பெண்கள் மெல்லப் பேசிக்கொண்டார்கள்.

“நீரோட்டம் அந்தப் பக்கம் இழுத்திருந்தால், இந்தியாக்காரர் பிடிச்சு வச்சிருப்பாங்கள்.”

“பிடிச்சு வச்சிருந்தாலும் பரவாயில்லை, பரமேஸ்வரி. உயிரோட இருப்பினமெல்லோ.”

உயிரோடு. அந்தச் சொல் டினோஜாவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் றிம்ஷாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். றிம்ஷாவும் இறுக்கிப் பிடித்தாள்.

பன்னிரண்டு மணிபோல ஒரு படகு திரும்பி வந்தது. பின்னால் இன்னொன்று. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டதாம். ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒருவரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாத் தீடையையும் சுத்திப் பாத்தாச்சு,” என்றார் மஹ்மூது. அவருடைய கண்கள் வெயிலில் சிவந்திருந்தன. “ஒரு செம்மஞ்சள் பொட்டுக்கூட இல்லை.”

“அப்ப தெக்குப் பக்கம் போவம்,” என்றார் றெனால்ட். “மண்ணெண்ணெய் ஊத்துங்கோ. கெதியா!”

அந்த நேரத்தில்தான் அம்மா தலையை நிமிர்த்தி, “டினோ, தம்பி எங்க?” என்று கேட்டாள்.

டினோஜா பக்கத்தில் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். ஜஸ்ரின் இல்லை.

“இஞ்சதான் நிண்டவன்!”

எவ்வளவு நேரத்துக்கு முன் நின்றான்? அவளுக்குத் தெரியவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவனை மறந்தே போயிருந்தாள்.

அவள் ஓடினாள். ஜஸ்ரினுக்கு ஐந்து வயது. அவனுக்கு நீந்தத் தெரியாது. ஆனால் தண்ணீரைக் கண்டால் சும்மா நிற்கவும் தெரியாது.

“ஜஸ்ரின்! ஜஸ்ரின்!”

வெள்ளைச் சட்டை. காலையில் அம்மா அவனுக்கு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைதான் போட்டுவிட்டாள். அவள் வெள்ளையைத் தேடி ஓடினாள். வெள்ளையாய்த் தெரிந்தது ஒரு பொலித்தீன் பை. அடுத்த வெள்ளை ஒரு கடற்பறவை. அலை நுரை எல்லாமே வெள்ளையாய் இருந்தது. அப்பாவும் இல்லை, தம்பியும் இல்லை என்று ஆகிவிட்டால்? அவள் கால்கள் மணலில் புதைந்தன. கரையோரமாய் ஒரு தரம் ஓடினாள், திரும்பி ஒரு தரம் ஓடினாள். வெள்ளைச் சட்டை எங்குமே இல்லை.

“டினோ!” என்று றிம்ஷா கத்தினாள். “இஞ்ச இருக்கிறான்!”

கரையில் ஒரு படகைத் திருத்துவதற்காகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் நிழலில் ஜஸ்ரின் சாவகாசமாய் உட்கார்ந்திருந்தான். மேலில் சட்டை இல்லை. தலையிலிருந்து கால்வரை மணல். டினோஜா அவனைக் கடந்து இரண்டு தரம் ஓடியிருந்தாள்.

அவள் முழங்காலில் விழுந்து அவனைக் கட்டிப் பிடித்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன.

“சட்டை எங்கயடா?”

“நண்டுக்குக் குளிருதாம். போர்த்துவிட்டனான்,” என்று ஜஸ்ரின் ஒரு குழியைக் காட்டினான். குழியிலிருந்து வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டி மட்டும் தெரிந்தது.

“இந்த வெயிலிலயோ?”

“நண்டுதான் சொன்னது.”

டினோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு றிம்ஷாவைப் பார்த்தாள். “ரெண்டு தரம் இதால ஓடினனான். எனக்கு ஏன் இவன் தெரியேல்ல?”

“நீ எதைத் தேடினனீ?”

“வெள்ளைச் சட்டையை.”

“எனக்குச் சட்டை என்ன நிறமெண்டு தெரியாது,” என்றாள் றிம்ஷா. “நான் ஜஸ்ரினைத்தான் தேடினன்.”

டினோஜா எழும்புவதற்காகப் பக்கத்திலிருந்த படகில் கையை ஊன்றினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“றிம்ஷா, இது ஆற்ற வள்ளம்?”

“றொட்னி அண்ணாட நீல வள்ளம். உனக்குத் தெரியாதோ?”

“நீலம் எங்க?”

இரண்டு பேரும் பார்த்தார்கள். நீலம் இல்லை. பூச்சு எல்லாம் கீழ்ப்பக்கம், மணலோடு இருந்தது. மேலே தெரிந்தது படகின் அடி. ஆண்டுக்கணக்காய்க் கரையில் இழுபட்டுத் தேய்ந்து, பாசி காய்ந்து, அது மணல் நிறத்தில் இருந்தது. ஒரு சின்ன மணல் மேடு மாதிரி வளைந்து கிடந்தது.

டினோஜா அந்த அடியைக் கையால் தடவினாள்.

“அப்பாட வள்ளம் பிரண்டிருந்தால்...” என்றாள். மிச்சத்தை அவளால் சொல்ல முடியவில்லை.

அவள் ஜஸ்ரினைத் தூக்கி அம்மாவின் மடியில் விட்டுவிட்டு றெனால்டிடம் ஓடினாள். ஆண்கள் தண்ணீருக்குள் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“பெரியப்பா! நில்லுங்கோ!”

“இப்ப நேரமில்லை, பிள்ளை. அங்கால போய் அம்மாவோட இரு.”

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. காலையிலிருந்து அந்தக் கரையில் யாருமே அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இயந்திரம் பழுதாயிருக்கும் என்றார்கள். நீரோட்டம் இழுத்திருக்கும் என்றார்கள். அம்மா பத்தடி தூரத்தில் இருந்தாள். சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும். சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்றுகூட இருந்தது.

ஆனால் படகுகள் தெற்கே போகப் போகின்றன.

“வள்ளம் கவிண்டிருக்கலாம்,” என்றாள் டினோஜா.

படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“பிள்ளை, என்ன வாய் இது!” என்றாள் பரமேஸ்வரி.

“கவிண்டால் செம்மஞ்சள் தெரியாது, பெரியப்பா. செம்மஞ்சள் எல்லாம் தண்ணிக்குக் கீழ போயிடும். மேல அடிதான் தெரியும். அடி மணல் நிறம். றொட்னி அண்ணாட வள்ளத்தைப் போய்ப் பாருங்கோ! நீங்கள் எல்லாரும் செம்மஞ்சளையே பாத்தனீங்கள். நானும் அதைத்தான் பாத்தனான்.”

றெனால்ட் கவிழ்ந்து கிடந்த படகைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் பார்க்கிற படகுதான். அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“செம்மஞ்சளைத் தவிர வேற என்ன கண்டனீங்கள்?” என்று டினோஜா எல்லாரிடமும் கேட்டாள்.

“ஒண்டுமில்லையே.”

“ஒண்டுமில்லாமல் இருக்காது. சின்னச் சாமான் எண்டாலும் சொல்லுங்கோ.”

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஓர் ஆமையைக் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் கிழிந்த வலைத் துண்டு ஒன்றைக் கண்டிருந்தார். ஒரு பழைய பீப்பாவும் மிதந்ததாம்.

“நான் பத்து மணிபோல ஒரு புதுத் தீடை கண்டனான்,” என்றார் மஹ்மூது. “அஞ்சாம் தீடைக்கு அங்கால. சின்னது. இரவு அடிச்ச காத்துக்கு மணல் ஒதுங்கியிருக்கு.”

“அங்காலயோ?” றெனால்ட் நெற்றியைச் சுருக்கினார். “அந்த இடம் ஆழமெல்லோ?”

“தீடை இடம் மாறுறதுதானே. மேல ரெண்டு நீர்க்காகமும் இருந்தது.”

“நீர்க்காகமோ, மாமா? வடிவாப் பாத்தனீங்களோ?” என்று டினோஜா கேட்டாள்.

“தூரம், மகள். தண்ணியும் வெயிலும் கண்ணைக் கூசினது. கறுப்பா ரெண்டு. ஒண்டு சிறகை விரிச்சுக் காயவிட்டது.”

“விரிச்சபடி வச்சிருந்ததோ?”

“இல்லை. விரிச்சது, மடக்கினது. பிறகும் விரிச்சது. கன தரம்...”

மஹ்மூதின் குரல் அப்படியே நின்றுபோனது.

அந்தக் கரையில் நீர்க்காகத்தைத் தெரியாதவர் எவருமில்லை. மீன் பிடித்து முடித்ததும் அது ஒரு கட்டையில் ஏறிச் சிறகை விரித்தால், வெயிலில் சிலை மாதிரி அப்படியே நிற்கும். விரித்து விரித்து மடக்காது. மனிதர்கள்தான் அப்படிக் கையை ஆட்டுவார்கள்.

“யா அல்லாஹ்,” என்றார் மஹ்மூது. “அது காகமில்லை.”

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“கண்டனான். கண்டிட்டு விட்டிட்டு வந்திட்டன்.”

டினோஜாவுக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. ஏன் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் தம்பியைக் கடந்து இரண்டு தரம் ஓடியவள் அவளும்தான். அவள் மஹ்மூதின் கையைப் பிடித்தாள்.

“நீங்கள் ஒராள்தான் கண்டிருக்கிறியள், மாமா. உங்களுக்குத்தான் இடம் தெரியும். கெதியா வெளிக்கிடுங்கோ.”

மஹ்மூது தண்ணீருக்குள் பாய்ந்தார். றெனால்டும் அவருடைய படகிலேயே ஏறினார். மற்றப் படகுகளும் பின்னால் புறப்பட்டன. இயந்திரச் சத்தத்துக்கு மேலே டினோஜா கத்தினாள்:

“செம்மஞ்சளைத் தேடாதேங்கோ! மணல் நிறத்தைத் தேடுங்கோ! ரெண்டு காகத்தைத் தேடுங்கோ!”

படகுகள் சின்னதாகிச் சின்னதாகி, புள்ளிகளாகி, பிறகு அதுவுமில்லாமல் போயின.

இப்போதுதான் மிகப் பெரிய பயம் வந்தது. அது உண்மையிலேயே நீர்க்காகமாக இருந்தால்? அப்பா தெற்கே எங்கேயோ கையை ஆட்டிக்கொண்டிருந்தால்? அவளுடைய பேச்சைக் கேட்டு எல்லாரும் வேறு பக்கம் போய்விட்டார்களே. அப்படி இல்லை, அது அப்பாதான் என்றாலும், மஹ்மூது மாமா கண்டது பத்து மணிக்கு. இப்போது ஒரு மணி. அதற்குப் பிறகும் மூன்று மணி நேரம் ஒரு வழுக்குகிற படகின் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா?

அம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பேசப் போவதைக் கேட்க டினோஜாவுக்குத் தைரியம் இல்லை.

“அம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?”

“விடிஞ்சதிலயிருந்து நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான், மகள்,” என்றாள் அம்மா. “வாயால சொல்லத்தான் பயம்.”

அவள் டினோஜாவைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மாவின் உடம்பும் நடுங்கியது. இரண்டு பேருமாய்ச் சேர்ந்து நடுங்கினார்கள். தனியாக நடுங்குவதைவிட அது கொஞ்சம் பரவாயில்லை.

றிம்ஷா ஜஸ்ரினை மடியில் வைத்துக்கொண்டு, அவனுடைய சட்டையிலிருந்த மணலைத் தட்டினாள். தட்டத் தட்ட மணல் வந்துகொண்டே இருந்தது.

ஒன்றரை மணி ஆனது. இரண்டு மணி ஆனது.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அம்மாவின் தொலைபேசி அடித்தது.

அம்மா அதை எடுக்கவில்லை. டினோஜாதான் பறித்துக் காதில் வைத்தாள். காற்றும் இரைச்சலுமாய்க் கேட்டது. யாரோ கத்தினார்கள். ஒன்றும் விளங்கவில்லை.

“ஆர்? கேக்கேல்ல! பெரியப்பா?”

இரைச்சலுக்குள்ளிருந்து மஹ்மூதின் குரல் வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத குரல்.

“மகள்! ரெண்டு காகத்தையும் பிடிச்சிட்டன்! ரெண்டும் உயிரோட இருக்கு! ஒண்டு உன்னோட கதைக்கோணுமாம்!”

பிறகு கரகரவென்று, உப்பில் காய்ந்துபோன ஒரு குரல் கேட்டது. “டினோ...”

டினோஜா ‘அப்பா’ என்று சொல்ல நினைத்தாள். சத்தம் வரவில்லை. தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்துவிட்டு, மணலில் குந்தி இருந்து, வாய்விட்டு அழுதாள். ஜஸ்ரின் வந்து தன் சட்டையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். அழுகையோடு முகமெல்லாம் மணலும் ஆனது.

அப்பாவையும் சித்தப்பாவையும் கரையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருவருக்கும் முகம், தோள் எல்லாம் வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. ஒரு நாள் முழுக்கச் சேலைன் ஏற்றிவிட்டு அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்பா சாய்மானக் கதிரையில் இருந்தபடி நடந்ததைச் சொன்னார். காற்றுக்குள் ஒரு பெரிய அலை பக்கவாட்டில் அடித்ததாம். கண் மூடித் திறப்பதற்குள் படகு பிரண்டுவிட்டதாம். இருட்டுக்குள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாராம்.

“நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செபம் சொன்னனான்,” என்றார் நிறோஜன் சித்தப்பா. “பாதியில மறந்துபோச்சு. பிறகு தேவாரமும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னனான். ஆற்ற காதில விழுந்தாலும் காரியமில்லை எண்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் டினோஜா அப்பாவின் கைகளைப் பார்த்தாள். படகின் விளிம்பைப் பிடித்த விரல்களில் துணி சுற்றியிருந்தது. அவள் அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அவர் தண்ணீர் குடிக்க எழும்பினால்கூடப் பின்னால் போனாள்.

அப்போது மஹ்மூதும் றிம்ஷாவும் வந்தார்கள். மஹ்மூது வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பை நிறைய இளநீர்.

“வாங்கோ நானா, இருங்கோ,” என்றார் அப்பா. மஹ்மூதை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

மஹ்மூது உட்காரவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “நீங்கள் கையைக் காட்டினதைக் கண்டும் நான் திரும்பிப் போயிட்டன், பெனடிக்ற். இரவு நித்திரை வரேல்ல. கண்ணை மூடினால் அந்த ரெண்டு காகமும் வருது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அப்பா துணி சுற்றிய தன் கைகளைப் பார்த்தார்.

“உங்கட வள்ளம் திரும்பினதைப் பாத்தபோது, இனி ஆரும் வரமாட்டினம் எண்டுதான் நினைச்சனான்,” என்றார் மெல்ல. “அதுதான் எல்லாத்திலயும் பெரிய பயம்.”

மஹ்மூதின் தலை இன்னும் தாழ்ந்தது.

“ஆனா நானும் உங்களிட்ட மன்னிப்புக் கேக்கோணும், நானா.”

“நீங்களோ? எதுக்கு?”

“நீங்கள் திரும்பிப் போகேக்க, வாயில வந்த எல்லாத்தையும் சொல்லி உங்களைத் திட்டிப்போட்டன்.”

மஹ்மூது தலையை நிமிர்த்தினார். “என்னெண்டு?”

“பிள்ளையள் இருக்குதுகள்.”

“நானும் திட்டினனான்,” என்றார் சித்தப்பா. “அண்ணாவுக்குச் சொல்லு முடிய, நான் எடுத்துக் குடுத்தனான்.”

மஹ்மூது முதலில் சும்மா பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். அம்மாவும் சிரித்தாள். முதல்நாள் காலைக்குப் பிறகு அம்மா இப்படி மனம்விட்டுச் சிரித்து டினோஜா இப்போதுதான் கண்டாள்.

“மாமா,” என்றான் ஜஸ்ரின், “என்ன சொல்லித் திட்டினவை எண்டு எனக்கு மட்டும் காதுக்குள்ள கேட்டுச் சொல்லுங்கோ.”

சமையலறையிலிருந்து கறி கொதிக்கும் மணம் வந்தது. டினோஜாவின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது. நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“அம்மா,” என்றாள், “எனக்கும் றிம்ஷாவுக்கும் சோறு போடுங்கோ. எனக்குக் கொஞ்சம் கூடவா.”